தாமிரபரணி: புண்ணிய தீர்த்தமா, பொதுச் சொத்தா?

(தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில் விவசாயிகளும் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



தாமிரபரணித் தண்ணீரை எப்படிக் காப்பாற்றுவது, எப்படிப் பங்கிட்டுக் கொள்வது என்பதைப்பற்றி இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சுயமரியாதைக்காரர்களுக்கும் வாய்க்காலுக்கும் என்ன சம்பந்தம், சாமியில்லை சாதியில்லை என்று பேசிவிட்டுப் போகவேண்டியவர்கள் தானே, தண்ணீரைப்பற்றிப் பேச ஒரு இஞ்சினீயர் அல்லவா வரவேண்டும் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். இஞ்சினீயர் வரட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால், நமது நாட்டில் இஞ்சினீயர் ஆற்றங்கரைக்கு வருவதற்கு முன்னமேயே புரோகிதர் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறார். அவர் எழுந்திருந்தால்தான் இவர் அளவுகோலை நடமுடியும். ஆகவே முதலில் நாம் பேசுவதுதான் முறையாகும்.

இந்த ஆறு எங்கிருந்து வருகிறது? அகஸ்தியர் கொண்டுவந்தார் என்று புராணம் சொல்லுகிறது. அவர் கொண்டுவந்தது உண்மையானால், வைகாசியில் குறைவதற்கும் ஐப்பசியில் பெருகுவதற்கும் என்ன காரணம்? அகஸ்தியருக்கு வருஷத்தில் ஆறு மாதம் லீவா? உண்மை என்னவென்றால், மேற்கே கடலிலிருந்து ஈரக்காற்று வந்து பொதிகை மலையில் மோதுகிறது, மழையாகிறது. பிறகு ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கேயிருந்து வாடைக்காற்று வருகிறது, மறுபடியும் மழையாகிறது. இந்த இரண்டு பருவத்து மழையும் கிடைக்கிற மலையாக இருப்பதாலும், அந்த மலைமேல் சோலைக்காடும் புல்வெளியும் கடற்பஞ்சுபோல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சங் கொஞ்சமாய்க் கசியவிடுவதாலும் தான், ஏறக்குறைய 128 கிலோமீட்டரே ஓடுகிற இந்தச் சின்ன ஆறு, தமிழ்நாட்டில் பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலில் விழுகிற ஆறுகளுக்குள் வற்றாத ஆறு என்று பெயரெடுத்திருக்கிறது. கோடையில் நாம் குடிக்கிற தண்ணீர் காடு வைத்திருந்து கொடுத்த தண்ணீர். காட்டை வெட்டிவிட்டு அகஸ்தியருக்கு எத்தனை குடம் பாலாபிஷேகம் செய்தாலும் ஒரு சொட்டு வராது.

இனி, 2018-ம் வருஷத்தில் இந்த ஆற்றுக்கு நடந்த பெரிய மரியாதையைப் பார்ப்போம். அக்டோபர் 11-ந் தேதியிலிருந்து 23-ந் தேதி வரை "மகா புஷ்கரம்" என்று ஒரு விழா. 144 வருஷங்களுக்கு ஒரு தரந்தான் வருமாம். அந்தச் சமயத்தில் முங்கினால் ஜென்மாந்திரப் பாவமெல்லாம் போய்விடுமாம். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து குவிந்தார்கள். ஆற்றுக்கு ஆரத்தி காட்டினார்கள். பாபநாசத்திலிருந்து கடல்வரைக்கும் படித்துறைகளில் இடமில்லை.

இந்த 144 என்கிற கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வியாழக்கிரகம் விருச்சிக ராசிக்கு வருகிறபோது இந்த ஆற்றுக்குப் புஷ்கரம் என்கிறார்கள். வியாழன் சூரியனை ஒரு தரம் சுற்றிவர 11 வருஷமும் சுமார் 10 மாதமும் ஆகிறது. ஆகவே 12 வருஷத்துக்கு ஒரு தரம் சுமாராய் அதே ராசிக்கு வரத்தான் செய்யும். 2006-லும் வந்தது, அப்போது "மகா" என்று எவரும் பிரமாதப்படுத்தவில்லை. 12-ஐ 12-ஆல் பெருக்கி 144 என்று வைத்துக்கொண்டால் "மகா" ஆகிவிடுகிறது. அதிலும் வியாழனுடைய உண்மையான சுற்றைப் பன்னிரண்டால் பெருக்கினால் 144 வருவதில்லை. 142-ம் சொச்சமுந்தான் வருகிறது. போகட்டும். அந்த வியாழன் பெயர்ச்சியாவது ஒரே நாளிலா என்றால் அதுவுமில்லை. வாக்கியப் பஞ்சாங்கம் அக்டோபர் 4 என்றது. திருக்கணிதம் 11 என்றது. ஒரு கிரகம் எந்த நாளில் எங்கே இருக்கிறது என்பதில் ஒரு வாரம் தகராறு வைத்திருக்கிறவர்கள், அந்தக் கிரகத்தின் பேரைச் சொல்லிப் பாவத்துக்கு ரசீது கொடுக்கிறார்கள். இதற்கு முந்தின புஷ்கரத்தைக் கண்ணால் பார்த்தவன் எவனும் உயிரோடு இருக்கமாட்டான் என்பதுதான் 144 என்கிற எண்ணிலுள்ள சௌகரியம்.

ஜனங்கள் ஆற்றில் குளிப்பதை நாம் குறை சொல்லவில்லை. குளிப்பது நல்லது, தினமும் குளிக்கட்டும். நாம் கேட்பது, இத்தனை லக்ஷம் பேர் கூடினார்களே, அந்த நாட்களில் ஆற்றுக்குள் விழுகிற ஒரு சாக்கடையாவது அடைபட்டதா? ஒரு குளத்திலாவது ஒரு கூடை வண்டல் எடுத்தார்களா? என்பதுதான்.

பாபநாசத்தில் இன்றைக்கும் நடப்பதைப் போய்ப் பாருங்கள். தோஷம் கழிக்க வந்தவர்கள் ஆற்றில் முங்கி, கட்டியிருந்த துணியை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு வருகிறார்கள். துணியோடு பாவமும் போய்விட்டதாம்! துணி போகவில்லை, பாறையிடுக்கில் சிக்கிக்கொண்டு அழுகிக் கிடக்கிறது. அதை டன் கணக்கில் வெளியே இழுத்துப் போடுகிறவர்கள் துப்புரவுத் தொழிலாளர்களும், நல்லெண்ணமுள்ள சில இளைஞர்களும். பாவம் செய்தவன் ஒருவன், பரிகாரம் சொல்லிப் பணம் வாங்கினவன் மற்றொருவன், தண்ணீரில் இறங்கி அழுக்கை எடுக்கிறவன் மூன்றாமவன். நமது சமுதாய அமைப்பு முழுவதையும் இந்த ஒரு படித்துறையில் பார்த்துக்கொள்ளலாம். அழுகின துணி மிதக்கிற அதே தண்ணீரைக் கீழேயுள்ள ஊர்க்காரன் குடிக்கிறான் என்கிற எண்ணம் அந்தப் பரிகாரத்தில் ஒரு வரியிலாவது உண்டா? ஆறு தெய்வமாக இருந்ததால் ஆற்றுக்குக் கிடைத்த லாபம் இதுதான்.

இன்னொரு கதை இருக்கிறது. கன்னடியன் கால்வாய் எப்படி வெட்டப்பட்டது என்பதற்கு இந்தப் பக்கத்தில் சொல்லுவார்கள். ஒரு பசு நடந்துபோயிற்றாம். அது போன வழியே கால்வாயாம். அது நின்ற இடம் மடையாம். படுத்த இடம் குளமாம். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தோழர்களே, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வாட்டம் பார்த்து, மைல் கணக்கில் தண்ணீர் தேங்காமலும் கரையை அரிக்காமலும் ஓடும்படி ஒரு கால்வாயை வெட்டுவது எவ்வளவு பெரிய அறிவு! பாறை கிடக்கிற ஆற்றில் சாய்வாக அணைக்கட்டைப் போட்டுத் தண்ணீரைத் திருப்புவது எவ்வளவு பெரிய வேலை! கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்கிற ஏழு அணைக்கட்டுகளும் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னமேயே நமது ஜனங்கள் கட்டினவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுதான் 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்தது. அவற்றை யோசித்தவன் பேர் தெரியாது. மண் சுமந்தவள் பேர் தெரியாது. அத்தனை பெருமையும் ஒரு பசுமாட்டுக்குப் போய்விட்டது! பாடுபட்டவன் பேரை அழித்துவிட்டு மாட்டின் பேரைப் போடுவதற்குத்தான் ஸ்தலபுராணம் என்று பெயர்.

தண்ணீருக்குச் சாதி உண்டா என்று கேட்பீர்கள். இதே ஆற்றங்கரையில் சேரன்மாதேவியில் 1920-களில் ஒரு குருகுலம் இருந்தது. தேசியத்தின் பேரால் எல்லோரிடமும் பணம் வாங்கி நடந்த அந்தக் குருகுலத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி. தண்ணீர்ப் பானையில்கூட பேதம். பெரியார் அவர்கள் காங்கிரசில் இருந்தபோதே அதை எதிர்த்துக் கிளம்பிய சங்கதி உங்களுக்குத் தெரியும். வற்றாத ஆறு வாசலில் ஓடுகிறபோது ஒரு பையன் ஒரு செம்புத் தண்ணீருக்குச் சாதி சொல்லவேண்டியிருந்தது! 1927-ல் மஹாத் என்கிற ஊரில் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் ஆயிரக்கணக்கான பேரைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பொதுக்குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தாரே, அது தாகத்துக்காகவா? பிறகு 1999 ஜூலை 23-ந் தேதி, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்கள்மேல் போலீசார் தடியடி நடத்தி, ஓடியவர்கள் இதே ஆற்றில் விழுந்து பதினேழு பேர் மாண்டார்கள். அதில் பெண்களும் உண்டு, கைக்குழந்தையும் உண்டு. கூலி உயர்வும், சிறையிலிருந்தவர்களின் விடுதலையுந்தான் அவர்கள் கேட்டது. எந்தப் புஷ்கரக் கமிட்டியாவது அந்தப் பதினேழு பேருக்கு ஒரு விளக்கு ஏற்றினதாக நமக்கு ஞாபகமில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். இது கொஞ்சம் சலிப்பாயிருக்கும். ஆனால் பொறுத்துக் கேளுங்கள். கணக்குத் தெரியாதவனுக்குக் கிடைக்கிற தண்ணீர் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

பாபநாசம் அணையில் 143 அடி நிறைந்தால் சுமார் ஐந்தரை டி.எம்.சி. மணிமுத்தாறிலும் 118 அடி நிறைந்தால் அதேபோல் ஐந்தரை. சேர்வலாற்றில் ஒன்றேகால். ஆக, மூன்றும் வழிய வழிய நிறைந்தாலும் பன்னிரண்டு டி.எம்.சி.க்குச் சற்று அதிகம். டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. இப்போது செலவைப் பாருங்கள். எட்டு அணைக்கட்டின் கீழுள்ள நஞ்சை சுமார் 86,000 ஏக்கர். ஒரு போகம் நெல்லுக்கு, வயலில் பெய்கிற மழையையும் சேர்த்து, நாலு அடி உயரத் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிப் பார்த்தால் பதினைந்து டி.எம்.சி. ஆகிறது. அதாவது, எல்லா அணையும் நிறைந்திருந்தால்கூட ஒரு பிசானத்துக்கு அணைத் தண்ணீர் மாத்திரம் காணாது. மழையும், ஆற்றில் புதிதாக வருகிற வரத்தும், குளங்களில் பிடித்துவைத்த தண்ணீரும் சேர்ந்தால்தான் பிசானம் வீடுவந்து சேரும். அதற்குமேல் கார் போகம், அதற்குமேல் வாழை, அதற்குமேல் ஊர் ஊராய்க் குடிதண்ணீர்த் திட்டம், அதற்குமேல் தொழிற்சாலை.

ஆகவே, "அணை நிறைந்துவிட்டது, இனிக் கவலையில்லை" என்று சொல்லுகிறவரும், "ஆறு தெய்வம், அது நம்மைக் கைவிடாது" என்று சொல்லுகிறவரும் நமக்கு ஒன்றுதான். இரண்டு பேருமே கூட்டல் கழித்தல் போட்டுப் பார்க்காதவர்கள்.

இந்தத் தண்ணீர் போதாதபோது யாருக்குக் குறைகிறது என்று பாருங்கள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தலைமடை. கார் போகத்துக்கு முதல் தண்ணீர் அங்கே. மருதூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் வந்து சேருகிறபோது மிச்சம். கடம்பாகுளத்துக்குக் கீழே ஆத்தூர், புன்னக்காயல் பக்கத்துக்குப் போகிறபோது மிச்சத்தில் மிச்சம். தலைமடைக்காரன் கெட்டவன், கடைமடைக்காரன் நல்லவன் என்று நாம் சொல்லவரவில்லை. கையில் மடைப்பலகை இருக்கிறவன் எவனும் அப்படித்தான் செய்வான்; கடைமடைக்காரனைத் தலைமடையில் கொண்டுபோய் உட்காரவைத்தால் அவனும் அதையேதான் செய்வான். ஆதலால் மனிதனுடைய நல்ல குணத்தை நம்பித் தண்ணீர் பங்கிடக்கூடாது. அளந்து, எழுதி, எல்லோரும் பார்க்கும்படி போர்டில் போட்டுப் பங்கிட வேண்டும். அணைக்கட்டுக்கு அணைக்கட்டு இன்றைக்கு எத்தனை கன அடி வந்தது, எத்தனை எந்தக் காலில் போயிற்று என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில், தினம் காலையில் எழுதிப்போட ஒரு சாக்பீஸ் செலவுதானே ஆகும்? அதைச் செய்யாதது பணமில்லாமையால் அல்ல. தெரிந்துவிட்டால் கேள்வி கேட்பார்கள் என்கிற பயத்தினாலேயே ஆகும்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் கதையைக் கேளுங்கள். அணைக்கட்டுக்கு மேலே வருஷக்கணக்கில் வண்டல் படிந்து, தண்ணீர் நிற்கவேண்டிய இடத்தில் மண்மேடும் முட்செடியும் வளர்ந்து நின்றன. ஜனங்கள் கத்திக்கத்திப் பார்த்தார்கள். கடைசியில் 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகுதான் தூர்வாருகிற வேலை ஆரம்பமாயிற்று. தூர் வாரவேண்டிய இடத்தில் வாராதவர்கள், வாரக்கூடாத இடத்தில் மாத்திரம் சுறுசுறுப்பாயிருந்தார்கள். ஆற்று மணலை லாரி லாரியாய் அள்ளினார்கள். மணல் என்றால் என்ன? ஆற்றுக்கடியில் தண்ணீரைப் பிடித்துவைக்கிற பாத்திரம். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த கம்யூனிஸ்டுத் தோழர் இரா. நல்லகண்ணு அவர்கள் ஐகோர்ட்டில் தாமே நின்று வழக்காடி, 2010 டிசம்பரில் ஐந்து வருஷத்துக்கு மணல் அள்ளத் தடை வாங்கினார். எண்பத்தைந்து வயதுக் கிழவர் ஒருவர் கோர்ட்டுப்படி ஏறித்தான் ஆற்றுமணலைக் காப்பாற்ற வேண்டியிருந்ததென்றால், அந்த ஆற்றுக்குச் சம்பளம் வாங்குகிற இலாகாக்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன?

அந்த இலாகாக்களையும் எண்ணிப் பாருங்கள். அணை நீர்வளத்துறையிடம், அணைக்கு மேலே காடு வனத்துறையிடம், பாபநாசத்தில் மின்சாரம் எடுப்பது மின்வாரியம், குடிதண்ணீர் எடுப்பது குடிநீர் வாரியம், சாக்கடை விடுவது நகரசபையும் மாநகராட்சியும், அதைத் தடுக்கவேண்டியது மாசுக்கட்டுப்பாட்டு வாரியம், படித்துறையில் உண்டியல் வைப்பது அறநிலையத்துறை. 1986-ல் தூத்துக்குடி தனி ஜில்லாவானபிறகு அணை ஒரு கலெக்டரிடமும் கடைமடை மற்றொரு கலெக்டரிடமும் இருக்கின்றன. 2019-ல் தென்காசியும் தனி ஜில்லாவாகி, சிற்றாறு மூன்றாவது கலெக்டரிடம் போய்விட்டது. தண்ணீர் ஒன்று, எஜமானர்கள் ஏழெட்டுப்பேர். ஒரு குடும்பத்துக்கு ஏழு மாமியார் இருந்தால் சோறு வேகுமா?

2023 டிசம்பர் 17-ந் தேதி பெய்த மழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷம் முழுவதும் அந்தப் பக்கத்தில் பெய்யவேண்டியதைவிட அதிகம் ஒரே நாளில் கொட்டிற்று. பல குளங்கள் கரையுடைந்தன. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலில் வந்த சுமார் 800 பேர் நாலாபுறமும் தண்ணீரால் சூழப்பட்டு மாட்டிக்கொண்டார்கள். கடைசியாக மீட்கப்பட்டவர்கள் வெளியேற இரண்டு நாளாயிற்று. ஐந்து வருஷத்துக்கு முன் அத்தனை ஆரத்தி வாங்கிக்கொண்ட ஆறு, பக்தன் வீடு எது, நாஸ்திகன் வீடு எது என்று பார்க்கவில்லை, இரண்டிலும் புகுந்தது. அவ்வளவு மழையை எந்தத் திட்டத்தாலும் முழுதும் தடுத்திருக்க முடியாது என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் குளங்கள் ஆழமாயிருந்து, கலுங்குகள் அடைபடாமலிருந்து, வெள்ளம் போகிற ஓடைகளில் வீடும் பஸ் ஸ்டாண்டும் கட்டாமலிருந்தால், எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்? வெள்ளத்தைத் திருப்பிச் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட பூமிக்குக் கொண்டுபோவதற்கென்று 2009-ல் ஆரம்பித்த கால்வாயில், 2023 கடைசியில்தான் சோதனைக்குத் தண்ணீர் விட முடிந்தது. பதினாலு வருஷம்! இராமன் காட்டுக்குப் போய்விட்டே வந்திருப்பான். நடுவில் எத்தனை ஆட்சி மாறிற்று என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. இதில் எந்தக் கக்ஷிக்கும் நாம் வக்காலத்து வாங்கவில்லை.

தொழிற்சாலை விஷயம் ஒன்று இருக்கிறது. 2016 நவம்பரில் கங்கைகொண்டானிலுள்ள குளிர்பானக் கம்பெனிகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை ஐகோர்ட் மதுரைக் கிளை இடைக்காலமாய் நிறுத்திற்று. 2017 மார்ச்சில் அந்தத் தடை நீங்கிவிட்டது. கொடுப்பது உபரித் தண்ணீர்தான் என்று சர்க்கார் தரப்பில் சொல்லப்பட்டது. அந்தத் தண்ணீருக்கு விலை ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு என்று அப்போது பத்திரிகைகளில் வந்தது. லிட்டர் நாலு காசுகூட ஆகவில்லை. நம் வீட்டுப்பெண் காலிக் குடத்தோடு ரோட்டில் நிற்கிற வருஷத்தில் "உபரி" என்கிற வார்த்தை எங்கிருந்து வந்தது? இதுவும் புஷ்கரத்தைப்போல ஒரு மந்திரந்தான். சொல்லுகிறவர் காவி கட்டாமல் பாண்ட் போட்டிருக்கிறார், அவ்வளவே வித்தியாசம்.

ஆனால், தொழிற்சாலையே வேண்டாம் என்று சொல்லுகிறவர்களோடு நாம் சேரமாட்டோம். தொழிற்சாலை வந்ததால்தான் நம் பிள்ளைகளில் பலர் பண்ணையார் வரப்பைவிட்டு வெளியே வந்திருக்கிறார்கள். சாதி கேட்காமல் கூலி கொடுக்கிற இடம் வயலைவிட ஆலைதான் என்பதை நாம் மறக்கக்கூடாது. கேள்வி, ஆலைக்கு எந்தத் தண்ணீர் என்பதே. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கென்று போட்ட பழைய திட்டம் நாளொன்றுக்கு இரண்டு கோடி காலன். அதாவது 9 கோடி லிட்டர். முழுதும் எடுத்தால் வருஷத்துக்கு ஒரு டி.எம்.சி.க்கு மேல் ஆகிறது. மறுபக்கம், திருநெல்வேலி மாநகரத்தில் 2011 கணக்குப்படியே நாலேமுக்கால் லக்ஷம் பேர். ஆளுக்குத் தினம் நூறு லிட்டர் செலவழித்தால், அதில் பத்தில் எட்டுப்பங்கு சாக்கடையாய் வெளியே வரும். ஏறக்குறைய 4 கோடி லிட்டர். இந்தச் சாக்கடை எங்கே போகிறது? பெரும்பங்கைச் சுத்தம் செய்யவேண்டியிருக்க, பல இடங்களில் நேரே ஆற்றில் விழுகிற காட்சியை 2024 நவம்பரில் ஐகோர்ட் நீதிபதிகள் இருவர் நேரிலேயே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல தண்ணீரை ஆற்றிலிருந்து எடுத்து ஆலைக்குக் கொடுக்கிறோம். கெட்ட தண்ணீரை ஊரிலிருந்து எடுத்து ஆற்றுக்குக் கொடுக்கிறோம். இதை மாற்றிச் செய்தால் என்ன? சாக்கடையைச் சுத்தம் செய்து ஆலைக்குக் கொடுங்கள். ஆற்றுத் தண்ணீரை ஊருக்கு விடுங்கள். இது ஆகாசக் கோட்டையல்ல. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் தலைக்கு நாலரைக் கோடி லிட்டர் சாக்கடையைச் சுத்தம் செய்து ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். சிங்கப்பூரில் நமது தமிழர்களும் சேர்ந்து, 2003 முதல் சுத்திகரித்த தண்ணீரைக் குடிதண்ணீர் ஏரியிலேயே கலந்து குடிக்கிறார்கள். ஒருவனுக்கும் தீட்டு ஒட்டவில்லை. இங்கே சாக்கடையைச் சுத்தம் செய்த தண்ணீர் என்றால் முகம் சுளிக்கிற பக்தர், சாக்கடை நேரே விழுகிற படித்துறையில் மூன்று முழுக்குப் போட்டுச் செம்பில் தீர்த்தம் பிடித்துக்கொண்டு போகிறார். சுத்தம் என்பது கண்ணுக்கும் மூக்கிற்கும் பரிசோதனைக்கும் சம்பந்தப்பட்டதாக இல்லாமல், மந்திரத்துக்குச் சம்பந்தப்பட்டதாகப் போய்விட்டதன் பலன் இது.

கடலுக்குப் போகிற தண்ணீர் எல்லாம் வீண் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். பாதிதான் உண்மை. வெள்ளத்தில் போவதைப் பிடிக்கவேண்டும், சரி. ஆனால் ஒரு சொட்டும் கடலுக்குப் போகாவிட்டால், கடல் உள்ளே வரும். புன்னக்காயல் பக்கத்துக் கிணறுகள் உப்பாகும். கழிமுகத்து மீனும் இறாலும் போய்விடும். பரதவர் பிழைப்புப் போகும். அவர்களும் இந்த ஆற்றுக்குப் பங்காளிகளே. ஆற்றின் கணக்கில் கடலுக்கும் ஒரு பங்கு எழுதவேண்டும்.

இப்போது செய்யவேண்டியதென்ன என்று கேட்டால், மலையிலிருந்து புன்னக்காயல்வரை ஒரே ஆற்றுக்கு ஒரே சபை வேண்டும் என்கிறோம். ஜில்லா எல்லையெல்லாம் கச்சேரி வேலைக்கு இருக்கட்டும். தண்ணீருக்கு எல்லை தண்ணீரே போட்டுக்கொண்டது. அந்தச் சபையில் யார் இருப்பது என்பதுதான் நமக்கு முக்கியம். பாசன சங்கம் என்றால் நிலம் வைத்திருப்பவர்களின் சங்கமென்றே வழக்கமாகிவிட்டது. நிலமில்லாதவன் தண்ணீர் குடிக்கமாட்டானா? மடைக்குடும்பன் என்று இந்தப் பக்கத்தில் உங்களுக்குத் தெரியும். நிறைகுளத்தில் மூச்சடக்கி முங்கி, அடியிலுள்ள மடையைத் திறந்துவிடுகிறவர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை பாயவேண்டும், எந்தக் கரை எந்த மழைக்கு உடையும் என்பதெல்லாம் அவருக்குத் தலைமுறை தலைமுறையாய்த் தெரியும். உயிரைக் கொடுத்து மடை திறக்கிறவர் அவர். குளத்தைப்பற்றிப் பேசக் கூட்டம் போட்டால் நாற்காலியில் உட்காருகிறவர் வேறொருவர். பள்ளர் என்று ஒதுக்கிவைத்த அந்த அறிவாளியை நாற்காலியில் உட்காரவையுங்கள். அவர் பக்கத்தில் கடைமடை விவசாயியையும், குடம் சுமக்கிற பெண்ணையும், புன்னக்காயல் மீன்பிடிக்கிறவரையும், துப்புரவுத் தொழிலாளியையும் உட்காரவையுங்கள். பெண்கள் பாதிக்குக் குறையக்கூடாது. தண்ணீர் இல்லாத நாளில் நடக்கிறவர்கள் அவர்கள்தானே. இஞ்சினீயரும் கணக்கரும் இவர்களுக்குப் பதில் சொல்லட்டும்.

வரிசையும் சட்டத்தில் இருக்கவேண்டும். முதலில் குடிதண்ணீர், பிறகு ஆறு ஆறாக இருப்பதற்கு வேண்டிய ஓட்டம், பிறகு பயிர், கடைசியில் ஆலை. வரத்துக் குறைந்த வருஷத்தில் இந்த வரிசை கீழேயிருந்து வெட்டப்படவேண்டும். பயிரிலும், அணையில் தண்ணீர் இத்தனைக்குக் கீழே இருந்தால் கார் நெல் இல்லை, உளுந்தோ எள்ளோதான் என்று வைகாசியிலேயே சொல்லிவிடவேண்டும். நட்டுவிட்ட பிறகு தண்ணீர் இல்லை என்று சொல்லுவது கழுத்தறுப்பாகும். வாழைக்குச் சொட்டுநீர்க் குழாய் போட மானியம் என்று காகிதத்தில் இருப்பது, ஒரு ஏக்கர் குத்தகைக்காரனுக்கும் கிடைக்கும்படி செய்யவேண்டும். பட்டா கேட்டால் அவன் எங்கே போவான்?

இதையெல்லாம் செய்வதற்குப் பதில் நமது சர்க்கார் என்ன செய்தது தெரியுமா? 2019 ஏப்ரலில் அறநிலையத்துறை, மழைக்காகக் கோயில்களில் வருண ஜெபமும் யாகமும் செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பிற்று. நாதஸ்வரத்தில் அமிர்தவர்ஷிணி ராகம் வாசிக்கவும் சொல்லிற்று. அந்தக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜனங்கள் லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். இதற்கு இரண்டு வருஷம் முந்தி, 2017-ல் வைகை அணையில் ஒரு மந்திரி தண்ணீர் ஆவியாகாமலிருக்கத் தெர்மாகோல் அட்டையை மிதக்கவிட்டார். காற்றடித்து அட்டை கரைக்கு வந்துவிட்டது. தேசமே சிரித்தது. நாம் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. தண்ணீர் ஆவியாகிறது, அதை மூடினால் குறையும் என்பதாவது அவருக்குத் தெரிந்திருந்தது; சோதனை தோற்றதும் நாலு பேர் கண்ணுக்குத் தெரிந்தது; மறுபடி அவர் அதைச் செய்யவுமில்லை. யாகமோ தோற்கிறதே இல்லை. மழை பெய்தால் யாகத்தால். பெய்யாவிட்டால் நமது பாவத்தால்!

கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர்கள், சர்க்காருக்கும் மூன்று ஜில்லாக் கலெக்டர்களுக்கும் அனுப்ப ஒரு மகஜர் எழுதி வெளியே மேஜைமேல் வைத்திருக்கிறார்கள். எட்டு அணைக்கட்டிலும் தினசரித் தண்ணீர்க் கணக்குப் பலகை, ஆற்றுக்கு ஒரே சபை, ஆலைகளுக்குச் சுத்திகரித்த சாக்கடை நீர், பாபநாசத்தில் துணி போடுவதற்குத் தடை என்று நாலு விஷயம் அதில் இருக்கிறது. படித்துப் பார்த்து, சரியென்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காகப் போடவேண்டாம். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தோழர்கள் வாசித்துக் காட்டுவார்கள். நாம் சொன்ன கணக்கில் சந்தேகமுள்ளவர்களும், புஷ்கரத்தைப்பற்றி நம்மோடு சண்டைபோட விரும்புகிறவர்களும் சீட்டு எழுதித் தலைவரிடம் கொடுத்தால், பதில் சொல்லிவிட்டுத்தான் ரயிலுக்குப் போவோம்.